இருபத்திரண்டு ஊசி, இருபத்து மூன்று டிக்

தெர்மாமீட்டர் முப்பத்தேழு புள்ளி ஆறு காட்டியது. பெரிய சிஸ்டர் அதை நம்பவில்லை. அணைத்துவிட்டு மறுபடியும் நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். முப்பத்தேழு புள்ளி ஐந்து. வியாழக்கிழமை காலை ஆறரை மணி, உடை மாற்றும் அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை. குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவினாள், மின்விசிறிக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்றாள், மூன்றாவது தடவை பார்த்தாள். முப்பத்தேழு புள்ளி நாலு. அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுக்குக் கீழே வேலை செய்கிற யாராவது இந்தத் தில்லுமுல்லைச் செய்து அவள் கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை எழுதியதும் அவள்தான். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டவர்கள், உடம்புச் சூடு முப்பத்தேழரைக்குக் கீழே இருந்தால் முகக்கவசத்தோடு வேலை செய்யலாம். போட்டுக்கொள்ளாதவர்கள், இந்தத் தொற்று அடங்கும்வரை டயாலிசிஸ் கூடத்துக்குள் காலடி வைக்கக் கூடாது, காய்ச்சல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கீழே அவளுடைய கையெழுத்து, நன்றாகப் பெரிதாக.

தொண்டை நேற்றுச் சாயங்காலமே உறுத்த ஆரம்பித்திருந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவளுக்குத் தூசிக்கும் ஃப்ளூவுக்கும் வித்தியாசம் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் மூன்று தடவை பார்த்தாள்.

பெரிய சிஸ்டர் என்பது பதவி. ஆள் என்னவோ ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. ஆனால் அந்த டயாலிசிஸ் மையத்தில் அவளை மீறி ஒரு துரும்பு அசையாது. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு மெஷின், இருபத்து நாலு ஊழியர்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் மெஷினோடு கட்டுண்டு கிடந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம் அது. மற்றவர்களை ஐந்து நாள் படுக்கையில் போடுகிற ஃப்ளூ இவர்களை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். இந்த வருஷம் பருவம் தொடங்கிய வேகத்திலேயே ஆறாம் நாற்காலிக்காரரும் ஒன்பதாம் நாற்காலி அம்மாளும் விழுந்தார்கள். அந்த அம்மாளுக்கு இன்னும் ஆக்சிஜன் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் சுவரில் அந்தத் தாள் ஏறியது.

தாள் ஏறிய அன்றே ஒரு தலை உருண்டது. துப்புரவு வேலை பார்க்கிற பெண்மணிக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், அவள் நடக்கிற நடை அப்படி. ஊசி போட்ட நாளில் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் இருந்தாள். திரும்பி வந்தபோது ஊசி தீர்ந்திருந்தது, வெளியே கடைகளிலும் தட்டுப்பாடு. அவளைக் கீழ்த்தளத்து ஸ்டோர் ரூமுக்கு அனுப்பியது பெரிய சிஸ்டர். "நான் ஓடியாடினாதான் சிஸ்டர் எனக்கு உசுரு. அந்த இருட்டு ரூம்ல உக்காந்து பெட்டி எண்ணச் சொல்றீங்களே" என்று எக்ஸ்பிரஸ் கண்கலங்கினாள். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்மா" என்றாள் சிஸ்டர். பன்னிரண்டு நாளாக அவள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த ரூல் உண்மையிலேயே எல்லோருக்கும் என்றால், பெரிய சிஸ்டரும் பன்னிரண்டு நாளாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி எண்ணியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். ஊசி வந்தது இருபத்திரண்டு. எக்ஸ்பிரஸ் லீவு. மெஷின்களைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் ஒருவன் எப்போது கேட்டாலும் "நாளைக்குப் போட்டுக்கறேன்" என்று மூன்று வாரம் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நாளைக்கு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் தேறமாட்டான் என்று அவனையும் கழித்துத்தான் இருபத்திரண்டுக்கு எழுதிப் போட்டாள். ஊசி போடும் நாள் காலையில், பட்டியலில் முதல் பெயராக இருந்த தன் பெயருக்கு எதிரே முதல் டிக்கைப் போட்டாள். எப்போதுமே அவள் வழக்கம் அது, எழுத்து வேலையை முன்னாலேயே முடித்துவிடுவது. தலைமை அலுவலகத்துக்கு உடனே ஒரு போட்டோ வேண்டும் என்று மேலாளர் அவசரப்படுத்தினார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, மூடி கழற்றாத ஊசியைத் தோளில் வைத்துச் சிரித்தாள். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று மற்றவர்களுக்குப் போட ஆரம்பித்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு ஊசி மிச்சம் இருந்தது, அவளுடையது. அப்போது நாளைக்கு வந்து நின்றான். சட்டைக் கை ஏற்கெனவே தோள்வரை ஏறியிருந்தது.

"இப்பவே குத்திடுங்க சிஸ்டர். வீட்டுக்குப் போனா மனசு மாறிடும். உங்க போட்டோவப் பாத்தேன். நீங்களே சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க."

மூன்று வாரம் கெஞ்சியும் மிரட்டியும் மசியாத ஆள். ஊசி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அவனை மறுபடி பிடிக்க முடியாது. அவளுடைய ஊசியை அவனுக்குப் போட்டு, அவன் பெயருக்கு எதிரே டிக் போட்டாள். இருபத்திரண்டு ஊசி, இருபத்து மூன்று டிக். தன் டிக்கை அடித்திருக்கலாம். அடுத்த வாரம் எங்காவது போட்டுக்கொண்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். எதிர்சாரி மருந்துக் கடையில் அப்போது இருந்தது. இன்றைக்குத் தலைவலி, நாளைக்கு மீட்டிங், அதற்கு மறுநாள் வீட்டுக்கு விருந்தாளி. பத்து நாள் கழித்துப் போய்க் கேட்டபோது கடைக்காரர் கையை விரித்தார். நாளைக்கு என்கிற பெயர் உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. போட்டோ மட்டும் சட்டம் போட்டு வாசலில் ஏறிவிட்டது.

போன் எடுத்து மேலாளரைக் கூப்பிட்டாள்.

"சார், எனக்கு உடம்பு ஒரு மாதிரியா இருக்கு. இன்னைக்கு லீவு போட்டுக்கறேன்."

"ஐயோ சிஸ்டர், ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. டெம்பரேச்சர் எவ்வளவு?"

"முப்பத்தேழு புள்ளி நாலு."

"அப்போ வேலை செய்யலாமே. நீங்க எழுதின ரூல்தானே? ஊசி போட்டவங்க முப்பத்தேழரைக்குக் கீழன்னா ஓகே. டெஸ்ட் கிட் நேத்தோட தீர்ந்துபோச்சு, ஒன்பது மணிக்குப் புது பாக்ஸ் வரும். வந்ததும் பாத்துக்கலாம். அதுவுமில்லாம இன்னைக்கு நாலாம் நாற்காலி. நீங்க இல்லாம எப்படி?"

நாலாம் நாற்காலி. அதை அவளும் மறக்கவில்லை.

நாலாம் நாற்காலிக்காரர் லிப்ட் மெக்கானிக், முப்பத்திரண்டு வயது. லிப்ட்காரர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். நாலு வருஷமாக இங்கே வருகிறார். வருகிற திங்கட்கிழமை அவருக்கு மாற்றுச் சிறுநீரக ஆபரேஷன். கொடுக்கப்போவது அவருடைய அக்கா. தையல் கடையைப் பூட்டிவிட்டு ஒரு மாதமாகத் தம்பியோடு அலைந்துகொண்டிருக்கிறாள். இந்தத் தேதி ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. சளி, காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் மறுபடி தள்ளிப்போகும், எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணிக்கு முடித்து, ஒரு மணிக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவும் தம்பியும் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு நிற்க வேண்டும். டயாலிசிஸைத் தவறவிடவும் முடியாது. போன தடவையே ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்து எல்லையில் நின்றது.

இதில் இன்னொரு சிக்கல். அவருடைய கை. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு முன்கையில் ஒரு ரத்தக்குழாயை ஆபரேஷன் செய்து பருக்க வைத்திருப்பார்கள். அதில்தான் தடியான இரண்டு நீடில்களை ஏற்ற வேண்டும். இவருடைய குழாய் இரண்டு விரற்கடை தூரம் ஒழுங்காக வந்து, அப்புறம் ஆழத்தில் இறங்கி, கட்டைவிரல் பக்கமாகத் திரும்பிவிடும். பெரிய சிஸ்டர் கைக்கு மட்டும்தான் அது பிடிபடும் என்று மையத்தில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. போன மாதம் அவள் இல்லாத ஒரு நாள் டெக்னீஷியன் நாளைக்கு முயற்சி செய்து, குழாயின் அடிப்பக்கத்தைத் துளைத்து, கை பன் மாதிரி வீங்கிவிட்டது. அதிலிருந்து அவன் நாலாம் நாற்காலியில் மெஷினைத் தவிர எதையும் தொடுவதில்லை.

முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு கூடத்துக்குள் போனாள். பரபரவென்று குத்திவிட்டு வெளியே வந்துவிடலாம், ஐந்து நிமிட வேலை, மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்ளலாம். இப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

லிப்ட்காரர் கையை நீட்டித் தயாராக இருந்தார். நாளைக்கு பக்கத்தில் மெஷினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காக்காரி வழக்கம்போல வாசல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே. கூடத்தில் வேறு நாலு பேர் கண்ணை மூடிக் கிடந்தார்கள்.

"வாங்க சிஸ்டர். இன்னும் நாலு நாள்தான். அப்புறம் இந்த மூஞ்சியப் பாக்க மாட்டீங்க" என்றார் லிப்ட்காரர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் இருமல் வரும். கையைத் துடைத்தாள். குழாயின் மேல் விரலை வைத்தாள். அது துடித்தது. நீடிலின் மூடியைக் கழற்றினாள்.

"நேத்து எனக்கு ஆபரேஷன் பண்ணப்போற அந்தப் பெரிய டாக்டர் கேட்டாரு சிஸ்டர். உங்க சென்டர்ல ஸ்டாஃப் எல்லாரும் ஊசி போட்டாச்சா, அங்க ஃப்ளூ பரவுதாமேன்னு. நான் தைரியமா சொல்லிட்டேன். எனக்கு நீடில் போடற சிஸ்டர்தான் சார் முதல் ஊசி போட்டுக்கிட்டாங்க, வாசல்லயே போட்டோ இருக்குன்னு. அப்படின்னா சரின்னு ஏதோ எழுதிக்கிட்டாரு."

தொண்டையிலிருந்து இருமல் கிளம்பியது. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விரலுக்குக் கீழே குழாய் துடித்துக்கொண்டே இருந்தது. இந்த மனுஷன் தன் பேரைச் சொல்லி டாக்டரிடம் உத்தரவாதம் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நீடிலைத் தட்டில் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போனாள். திரும்பி நின்று இருமினாள்.

"என்னாச்சு சிஸ்டர்?" என்றான் நாளைக்கு.

"எனக்குத் தொண்டை சரியில்ல. இன்னைக்கு நீ குத்து."

அவன் மெஷினிலிருந்து கையை எடுத்தான். "நானா? இந்தக் கையா? போன தடவை என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? டெம்பரேச்சர் எவ்வளவு?"

"முப்பத்தேழு புள்ளி நாலு."

"அப்புறம் என்ன? ரூல்படி சரிதானே. ஊசி போட்டிருக்கீங்க, டபுள் மாஸ்க் போட்டிருக்கீங்க. குத்திட்டுப் போயிடுங்க. நான் இத வீணாக்கினா ஆபரேஷனே நின்னுடும்."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல சிஸ்டர். நீங்களே போடுங்க" என்றார் லிப்ட்காரர். அவர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

அக்காக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினாள். "என்ன சிஸ்டர்? ஏன் நின்னுட்டீங்க? ஒரு மணிக்கு நாங்க அங்க இருக்கணும். தயவுசெஞ்சு நீங்களே போட்டுடுங்க. அந்தத் தம்பி வேணாம்."

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் போட்ட ஒரு டிக் அவளைக் கழுத்தைப் பிடித்து அந்த நாற்காலிப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லாமல் பின்வாங்க வழியே இல்லை.

"நான் ஃப்ளூ ஊசி போட்டுக்கல" என்றாள்.

யாருக்கும் உடனே புரியவில்லை. ஐந்தாம் நாற்காலிக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"விளையாடாதீங்க சிஸ்டர். நீங்கதானே முதல்ல போட்டீங்க? போட்டோ..."

"போட்டோவுக்கு மூடியோட வெச்சுக்கிட்டேன். அப்புறம் போட்டுக்கலாம்னு இருந்தேன். சாயந்தரம் ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அத உனக்குப் போட்டுட்டேன்."

நாளைக்கு தன் இடது தோளைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

முதலில் பேசியது அக்காக்காரி. குரலை உயர்த்தவில்லை. "செவ்வாய்க்கிழமை இவனுக்குக் குத்தினது யாரு?"

"நான்தாம்மா."

"அப்போ உங்களுக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல. நேத்துதான் தொண்டை ஆரம்பிச்சுச்சு."

"காய்ச்சல் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே ஒட்டிக்கும்னு நீங்கதானே எங்களை எல்லாம் உக்கார வெச்சு சொன்னீங்க? ஊசி போடலன்னு தெரிஞ்சேதானே அவனைத் தொட்டீங்க?"

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஊசி போட்டவர்களுக்கும் ஃப்ளூ வரத்தான் செய்கிறது. அவள் முகக்கவசத்தை ஒரு நிமிடம்கூடக் கழற்றவில்லை. அந்த ஊசியை ஒளித்து வைத்துக்கொள்ளவில்லை, இன்னொருவனுக்குத்தான் கொடுத்தாள். எல்லாமே நிஜம். ஆனால் இந்தப் பெண்ணிடம் அதில் ஒன்றைக்கூட அவள் எடுத்து வைக்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள்.

"வெளிய போங்க" என்றாள் அக்காக்காரி.

பெரிய சிஸ்டர் தன் கூடத்தைவிட்டு வெளியே போனாள். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அவளை எங்கேயிருந்தும் வெளியே போகச் சொன்னதில்லை.

நடைபாதையில் கூடத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணாடி உண்டு. அதன் ஒரு முனையில் நின்றுகொண்டு நாளைக்கைப் போனில் கூப்பிட்டாள். அக்காக்காரி வேண்டுமென்றே மறுமுனைக்குப் போய் நின்றாள். மணி ஏழு இருபது. உள்ளே நாளைக்கு போனை ஸ்பீக்கரில் போட்டு ஸ்டாண்டில் மாட்டினான். கையுறையைப் போட்டுக்கொண்டான்.

"கீழ நீடில் உனக்கு வரும். நிதானமா போ" என்றாள்.

மணிக்கட்டுப் பக்கத்து நீடில் ஏறியது, குழாயில் ரத்தம் வந்தது. அக்காக்காரி மூச்சு விடுவது இங்கேவரை கேட்டது. மேல் நீடில்தான் கண்டம். அவன் தடவிப் பார்த்தான், குத்தினான், நின்றான். ரத்தம் வரவில்லை.

"வெளிய எடுக்காத. படுக்க வை. இன்னும் படுக்க வை. கட்டைவிரல் பக்கமா. இல்லல்ல, அவ்வளவு இல்ல. ஐயோ, அழுத்தாத."

லிப்ட்காரர் முகத்தைச் சுளித்தார். அக்காக்காரி கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நாளைக்கு கையை அசைக்காமல் தலையை மட்டும் போன் பக்கம் திருப்பினான்.

"கொஞ்சம் சும்மா இருங்க சிஸ்டர். உங்க குரல் கேக்கக் கேக்க எனக்குக் கை நடுங்குது." இடது கையால் போனை அணைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் முடிந்தது. நாளைக்கு நீடிலை அப்படியே பிடித்துக்கொண்டு லிப்ட்காரரிடம் ஏதோ கேட்டான். லிப்ட்காரர் மறுகையின் ஆள்காட்டி விரலால், தோலைத் தொடாமல், காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். நேராக வந்து, இறங்கி, திரும்புகிற கோடு. நாளைக்கு தலையாட்டினான். விரல் நகருகிற வேகத்துக்கு நீடிலை நகர்த்தினான். லிப்ட்காரர் விரல் நின்றது. நீடிலும் நின்றது. குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறியது.

நாலு வருஷமாகத் தன் கைக்குள் நீடில் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவளுக்குத்தான் கேட்கத் தோன்றியதே இல்லை. தன்னைவிட்டால் ஆளில்லை என்கிற நினைப்பில் செவ்வாய்க்கிழமை உள்ளே போனாள், இன்றைக்கும் போனாள். நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. காய்ச்சல் வேறு ஏற ஆரம்பித்திருந்தது.

ஒன்பது மணிக்கு டெஸ்ட் கிட் வந்தது. பின்வாசல் படியில் தனியாக உட்கார்ந்து மூக்கில் விட்டுப் பார்த்தாள். பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தது. நாலு நிமிடத்திலேயே இரண்டாவது கோடு விழுந்துவிட்டது.

மேலாளரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாசிட்டிவ்னு மட்டும் ரிப்போர்ட் பண்ணுங்க சிஸ்டர். ஊசி விஷயத்த எழுத்துல கொண்டுவராதீங்க. ஹால்ல இருந்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன். வாய் தவறிச் சொல்லிட்டீங்கன்னு விட்டுடலாம்."

"அந்தப் பெரிய டாக்டர் எம் பேர வெச்சுத்தான் எழுதிக்கிட்டாரு சார். அத அடிக்கணும்."

"உங்க வேலைக்கே உலை வெச்சுக்கறீங்க."

"தெரியும் சார்."

ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரை அவளே போனில் பிடித்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கும் இன்றைக்குக் காலையிலும், எவ்வளவு பக்கத்தில், எத்தனை நிமிடம், என்ன முகக்கவசம், ஊசி போடாதது, பொய் டிக், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மணி ஒன்பதரை. முதல் தடவை தொட்டு ரெண்டு நாள் தாண்டிடுச்சு, இருந்தாலும் தடுப்பு மாத்திரைய இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன். நீங்க நேத்தே சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றார். "ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை டெம்பரேச்சர் பாப்போம். திங்கக்கிழமை காலைலதான் எதையும் சொல்ல முடியும்."

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்டோர் ரூம் வாசலில் நின்றாள், உள்ளே போகாமல், பத்தடி தள்ளி. விஷயம் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

எக்ஸ்பிரஸ் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. "நான் வெளிய நின்னது சரிதான் சிஸ்டர். ஊசி போடல, நின்னேன். ஆனா அன்னைக்கு நான் அழுதப்ப நீங்க என் மூஞ்சியப் பாத்தீங்க பாருங்க, அப்பவும் உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"போய்ப் படுங்க. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு" என்றாள் எக்ஸ்பிரஸ், அடுத்த துணியை எடுத்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தொட்டது. கணவர் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார். சனிக்கிழமை மையத்திலிருந்து ஒரு கடிதம் போனில் வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றது. அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தாள். அவளுடைய கவலை அது இல்லை. உடம்பு வலியில் புரண்டு படுத்தபோதெல்லாம் கணக்குப் போட்டாள். செவ்வாய் ஒட்டியிருந்தால் வியாழன் காட்டும், வெள்ளி காட்டும், சனிக்கு மேல் தாண்டாது. வியாழக்கிழமை ஒட்டியிருந்தாலும், ஞாயிறும் காட்டாமல் போனால் ஒருவேளை. யாரையாவது கூப்பிட்டுக் கேட்க வேண்டும் போலத் துடித்தது. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று போனைத் தள்ளி வைத்தாள். நாளைக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தான், சனிக்கிழமை அந்தக் கையில் இரண்டு நீடிலும் ஒரே தடவையில் ஏறியது என்று. வேறு ஒரு வார்த்தை இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்குப் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்துக் காதில் வைத்தாள். பின்னணியில் தள்ளுவண்டிச் சக்கரங்களின் சத்தமும் யாரோ பெயர்களைப் படிக்கிற சத்தமும் கேட்டன.

"நான்தான் பேசறேன். லிப்ட்காரரோட அக்கா."

"சொல்லும்மா."

"அவனுக்குக் காய்ச்சல் இல்ல. நாலு நாளும் இல்ல. டெஸ்டும் ரெண்டு தடவை எடுத்துட்டாங்க, ஒண்ணும் இல்ல. இப்போ உள்ள கூட்டிட்டுப் போறாங்க. முதல்ல என்னை, அப்புறம் அவனை."

"நல்லதும்மா. நல்லபடியா..."

"இருங்க, நான் பேசி முடிச்சுடறேன். போன் குடுத்துடணும். அவன்தான் உங்களுக்குச் சொல்லச் சொன்னான். உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போன்னு பிடிவாதம் பிடிச்சான், அதான் கூப்பிட்டேன். நானா இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன் சிஸ்டர்."

"சரிம்மா."

போன் அணைந்துவிட்டது. அது அணைந்தது தெரியாமல் அவள் காதில் வைத்தபடியே, சரிம்மா, சரிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.